உயரக் கட்டடம் வந்தால் தெருவுக்கு என்ன ஆகும்?

வாசகர் கேள்வி – பதில்

லண்டனில் ‘சிட்டி’ என்றால் முழு நகரம் என்று பொருள் இல்லை. தேம்ஸ் ஆற்றின் வடகரையில், ஒரு சதுர மைலைச் சற்றே தாண்டிய பரப்புள்ள பழைய வணிகப் பகுதி அது. இடைக்காலத் தெருக்களின் அகலம் பல இடங்களில் இன்னும் அப்படியே இருக்க, அவற்றின் ஓரத்தில் 150, 200, 270 மீட்டர் உயரக் கட்டடங்கள் நிற்கின்றன. அங்கே வேலை பார்க்கும் வாசகர்களும், ஊரிலிருந்து இதைக் கவனிக்கும் வாசகர்களும் அனுப்பிய கேள்விகளில் சில இந்த இதழில்.

சிட்டியில் எனக்கு வேலை. பஸ்ஸை விட்டு இறங்கும்போது லேசான காற்றுதான் இருக்கும். ஓர் உயரக் கட்டடத்தின் மூலையைத் திரும்பியதும் குடை மடங்கிப்போகிறது, ஆளையே தள்ளுகிறது. கட்டடம் காற்றைத் தடுக்கத்தானே வேண்டும்?
– வாசகி, ஈஸ்ட் ஹாம்

தடுக்கிறது. தடுத்த காற்று எங்கே போகிறது என்பதில்தான் உங்கள் குடையின் கதை இருக்கிறது.

தரையோரம் வீடுகளிலும் மரங்களிலும் உரசி உரசிக் காற்று வேகம் இழக்கும். மேலே போகப் போக அந்த உரசல் குறைவதால் வேகம் கூடும். 20 மீட்டர் உயரக் கட்டடங்கள் நிறைந்த பகுதியில் 150 மீட்டர் கட்டடம் ஒன்று தனியே எழும்பினால், இதுவரை எல்லார் தலைக்கும் மேலாகப் போய்க்கொண்டிருந்த வேகமான காற்றை அது மறிக்கிறது. முகப்பில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு உயரத்துக்கு மேல் மோதும் காற்று கூரையைத் தாண்டிப் போய்விடும். அதற்குக் கீழே மோதுவதில் பெரும்பகுதி சுவரோடு வழுக்கிக்கொண்டு நடைபாதைக்கு இறங்கும். கட்டடத்தின் முன்பக்கம் அழுத்தம் கூடுதல், பின்பக்கம் குறைவு. ஆகவே இறங்கிய காற்று மூலையைச் சுற்றிக்கொண்டு பின்பக்கத்துக்கு ஓடும். மதகைத் திறந்ததும் தண்ணீர் பாய்கிற மாதிரி அந்த மூலையில் அது பாயும். நீங்கள் திரும்பிய மூலை அதுவாகத்தான் இருக்க வேண்டும். லண்டனில் பெரும்பாலும் தென்மேற்கிலிருந்து காற்று வருவதால், அந்தத் திசையைப் பார்த்த முகப்பின் இரு மூலைகளையும் எச்சரிக்கையோடு கடப்பது நல்லது.

இதைவிட மோசமான இடம், கட்டடத்தின் அடியில் குடைந்து விட்டிருக்கும் நடைவழி. முன்பக்க அழுத்தத்துக்கும் பின்பக்கக் குறைவுக்கும் நேர் இணைப்பு அதுதான். வரைபடத்தில் பார்க்க அழகாக இருக்கும் அந்த வழியில் ஜனவரியில் நடக்கும்போதுதான் அதன் குணம் தெரியும்.

இது குடை மடங்குவதோடு நிற்கும் விஷயம் இல்லை. வட இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் 2007-இல் முடிந்த பிரிட்ஜ்வாட்டர் பிளேஸ் என்ற கட்டடம் 32 மாடி, 112 மீட்டர். 2011 மார்ச்சில் அதன் அடியில் வீசிய காற்று ஒரு லாரியைக் கவிழ்த்தது. நடந்துபோன ஒருவர் அதன் அடியில் சிக்கி உயிரிழந்தார். அதற்குப் பிறகு, காற்று பலமாக வீசும் நாள்களில் அந்தச் சந்திப்பையே மூட வேண்டியிருந்தது. பல ஆண்டுகள் கழித்துத்தான் சாலைக்கு மேலும் கட்டடத்தின் ஓரத்திலும் பெரிய காற்றுத் தடுப்புத் தகடுகள் வந்தன. அந்தத் தகடுகள் செய்யும் வேலையை முதல் வரைபடத்தில் அகலமான கீழ்மாடிகளே செய்திருக்க முடியும் என்பதுதான் மனத்தை அறுக்கிறது.

கட்டுவதற்கு முன்பே இதைச் சோதித்துப் பார்க்க முடியாதா? கண்டுபிடித்தால் என்ன செய்வார்கள்?
– வாசகர், கோயம்புத்தூர்

முடியும். லண்டன் சிட்டி நிர்வாகம் 2019-இல் இதற்கென்றே வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. 25 மீட்டருக்கு மேல் 50 வரை போனால் கணினியில் காற்றோட்டக் கணக்கு அல்லது காற்றுச் சுரங்கச் சோதனை, ஏதாவது ஒன்று போதும். 50 மீட்டரைத் தாண்டினால் இரண்டும் தேவை. 100 மீட்டரைத் தாண்டினால், கட்டடத்தின் உருவத்தை முடிவு செய்யும் தொடக்கக் கட்டத்திலேயே சோதனையை ஆரம்பிக்க வேண்டும்.

காற்றுச் சுரங்கத்தில் 300-இல் ஒரு பங்கு அளவில் மாதிரி செய்வது வழக்கம். 150 மீட்டர் கட்டடம் அரை மீட்டர் பொம்மையாகிவிடும். புதுக் கட்டடத்தை மட்டும் செய்தால் போதாது. சுற்றியுள்ள பல தெருக்களையும் செய்து ஒரு சுழல் மேசையில் வைப்பார்கள். மேசையைப் 10 டிகிரி, 10 டிகிரியாகத் திருப்பி 36 திசைகளிலிருந்தும் காற்றை விடுவார்கள். வாசல், பஸ் நிறுத்தம், பெஞ்ச், சாலையைக் கடக்கும் இடம் என ஒவ்வொன்றிலும் மனித உயரத்தில் வேகத்தை அளக்கும் நுண்கருவி இருக்கும்.

அளந்ததை எதோடு ஒப்பிடுவது? நீண்ட நேரம் உட்காரும் இடம் என்றால் நொடிக்கு 2.5 மீட்டர், கொஞ்ச நேரம் உட்கார 4, நிற்க 6, நடக்க 8. இந்த வேகத்தை மொத்த நேரத்தில் 5 சதவீதத்துக்கு மேல் காற்று தாண்டக் கூடாது. 8-ஐத் தாண்டினால் அந்த இடம் நடக்கக்கூட ஏற்றதில்லை. பாதுகாப்புக்குத் தனி வரம்பு உண்டு. நொடிக்கு 15 மீட்டர் வேகம் ஓர் ஆண்டில் கூட்டிப் பார்த்தால் 2 மணி நேரத்துக்கு மேல் வந்தால், முதியவர்களும் சைக்கிளில் போகிறவர்களும் விழக்கூடிய இடம் அது.

தப்பு நடப்பது பெரும்பாலும் இங்கேதான்: அறிக்கையில் ‘நடக்க ஏற்றது’ என்று இருக்கும், அதே இடத்தில் வரைபடத்தில் காபிக்கடை மேசைகள் இருக்கும். இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்காமலே அனுமதி போய்விடும். இன்னொரு தப்பு, மரத்தை நம்புவது. லண்டனில் பலத்த காற்று குளிர்காலத்தில் வருகிறது. அப்போது பெரும்பாலான மரங்களில் இலையே இருக்காது. என்றும் பசுமையாக நிற்கும் மரமாக, நடும்போதே வளர்ந்த மரமாக இருந்தால் ஓரளவு பயன் உண்டு. பாதுகாப்பு வரம்பைத் தாண்டும் இடத்தில் மரத்தைத் தீர்வாக ஏற்கவே கூடாது.

நல்ல தீர்வு கட்டடத்தின் உடம்பிலேயே இருக்க வேண்டும். கீழே மூன்று, நான்கு மாடி அகலமாகக் கட்டி, உயரப் பகுதியை அதன்மேல் பல மீட்டர் உள்வாங்கி வைத்தால், இறங்கும் காற்று அந்தக் கூரையில் விழுந்து அடங்கும். மூலைகளை வளைத்தாலும் வெட்டிவிட்டாலும் வேகம் குறையும். 2004-இல் திறந்த செயின்ட் மேரி ஆக்ஸ் 30ஆம் எண் கட்டடம் வெள்ளரிக்காய் மாதிரி உருண்டு, அடியிலும் நுனியிலும் ஒடுங்கியிருப்பதற்கு ஒரு காரணம் இதுவே. காற்று அதைச் சுற்றிக்கொண்டு போய்விடுகிறது, கீழே தள்ளப்படுவது குறைவு. இவை எதுவும் முடியாதபோதுதான் வாசலுக்கு மேல் மறைப்பு, மூலையில் தடுப்பு. தடுப்பு வைத்தாலும் முழுச் சுவராக வைக்கக் கூடாது. பாதியளவு துளைகள் உள்ள தட்டி காற்றை அடக்கும். முழுச் சுவரோ அதைப் பக்கத்துக் கடை வாசலுக்குத் திருப்பிவிடும்.

கண்ணாடிக் கட்டடம் ஒன்று காரை உருக்கியது என்பது உண்மையா?
– வாசகர், குரோம்பேட்டை

உண்மை. ஃபென்சர்ச் தெரு 20ஆம் எண்: 160 மீட்டர், கட்டடக் கலைஞர் ரஃபேல் வினோலி. மேலே போகப் போக அகலும் உருவம். தெற்கு முகப்பு உள்நோக்கிக் குழிந்தது. 2013 ஆகஸ்ட் கடைசி, செப்டம்பர் முதலில், கட்டடம் முடியும் முன்பே, அந்தக் குழிவு வெயிலைத் திரட்டிக் கீழே ஈஸ்ட்சீப் தெருவில் ஒரு துண்டு இடத்தில் குவித்தது. அங்கே நிறுத்தியிருந்த ஜாகுவார் காரின் பக்கக் கண்ணாடிக் கூடும் சில பாகங்களும் வளைந்து உருகின. கட்டுமானத் தரப்பு 946 பவுண்டு கொடுத்தது. எதிரில் ஒரு கடையின் தரைவிரிப்பு கருகியது. அந்த இடத்தில் அளந்தபோது 90 டிகிரி செல்சியஸுக்கு மேல் காட்டியதாகச் செய்திகள் வந்தன.

தட்டையான கண்ணாடி ஒரு சூரியனை ஒரு சூரியனாகவே திருப்பிவிடும். வெளியே புடைத்த முகப்பு அதைச் சிதறடிக்கும். உள்ளே குழிந்த முகப்பு மட்டுமே பல கண்ணாடிகளின் வெயிலை ஒரே இடத்தில் சேர்க்கும். சிறுவர்கள் பூதக்கண்ணாடியில் காகிதத்தைப் பொசுக்குவதும் இதே கணக்கு. தினம் 2 மணி நேரம்போலச் சில வாரங்கள்தான் அந்தக் கோணம் அமைந்தது. ஆனால் செப்டம்பர் முதல் தேதி சூரியன் ஏறும் அதே உயரத்துக்கு ஏப்ரல் இரண்டாம் வாரமும் ஏறும். அதாவது, ஆண்டுக்கு இரண்டு முறை திரும்பி வரும் தொல்லை அது. முதலில் தெருவில் தற்காலிகத் திரை கட்டினார்கள், மூன்று பார்க்கிங் இடங்களை மூடினார்கள். 2014-இல் தெற்கு முகப்பில் கிடைமட்ட அலுமினியத் தகடுகளைப் பொருத்திய பிறகே தொல்லை தீர்ந்தது.

அதே கலைஞர் வடிவமைத்த லாஸ் வேகாஸ் ஹோட்டல் ஒன்றின் குழிந்த முகப்பிலும் 2010-இல் இதே புகார் வந்திருந்தது. தெரிந்த குறை திரும்பவும் நடந்திருக்கிறது என்பதால்தான் இதை இவ்வளவு விரிவாகச் சொல்கிறோம். குழிந்த முகப்பு வரைபடத்தில் தெரிந்தால், ஆண்டு முழுக்க மணிக்கு மணி சூரிய எதிரொளிப்புக் கணக்கைக் கேளுங்கள். ஜூன் 21-க்கும் டிசம்பர் 21-க்கும் மட்டும் போட்ட கணக்கில் செப்டம்பர் சிக்காது.

லெடன்ஹால் தெருவில் ஒரு கட்டடம் ஒரு பக்கம் சாய்ந்து நிற்கிறதே, அழகுக்காகவா?
– வாசகி, ஹாரோ

செயின்ட் பால் தேவாலயத்துக்காக. ஃப்ளீட் தெருவில் நின்று பார்த்தால் தேவாலயத்தின் குவிமாடம் தெரியும். அதன் பின்னால் 225 மீட்டர் கட்டடம் நேராக எழுந்தால் குவிமாடத்தின் விளிம்பு கண்ணாடிச் சுவரில் கரைந்துபோகும். அதனால் லெடன்ஹால் கட்டடத்தின் தெற்கு முகம் 10 டிகிரி பின்னால் சாய்கிறது. சாய்வினால் மேல்மாடிகளில் வாடகைக்கு விடக்கூடிய பரப்பு கணிசமாகக் குறைந்தது. அதற்கு ஒப்புக்கொண்டதோடு, அடியில் ஏழு மாடி உயரத்துக்குத் திறந்த பொது இடமும் விட்டார்கள். சிட்டியின் புதுக் கட்டடங்களில் தெருவுக்கு மரியாதை கொடுத்தது இது என்பது எங்கள் கருத்து.

தேவாலயக் காட்சியைக் காக்கும் விதிகளின் தொடக்கம் 1930களில். தேம்ஸ் பக்கம் எழுந்த டெலிபோன் எக்ஸ்சேஞ்சு கட்டடம் ஒன்று ஆற்றிலிருந்து குவிமாடத்தை மறைத்தபோது, சுற்றியுள்ள ஒவ்வொரு இடத்துக்கும் உயர வரம்பு குறித்த கட்டம் போட்டார்கள். மிகத் தொலைவான காட்சி ரிச்மண்ட் பூங்காவிலிருந்து. சுமார் 16 கிலோமீட்டர் தள்ளி, ஒரு மேட்டின் மேல், வேலிச் செடியில் வெட்டிய துவாரம் வழியே குவிமாடம் தெரிகிறது.

அந்தக் காட்சியிலும் ஓட்டை விழுந்தது. 2016-இல் கிழக்கே ஸ்ட்ராட்ஃபோர்டில் எழுந்த 42 மாடிக் கட்டடம், தேவாலயத்துக்குப் பல கிலோமீட்டர் பின்னால் இருந்தும், துவாரம் வழியே பார்த்தால் குவிமாடத்துக்குப் பின்னால் நிழலாக நின்றது. முன்னால் மறைக்கவில்லை, ஆனால் பின்னால் வெறும் வானம் இருந்ததுதான் அந்தக் காட்சி. உயர அனுமதி கொடுக்கிறவர்கள் தங்கள் எல்லைக்குள் மட்டும் பார்த்தால் இப்படித்தான் ஆகும்.

உயரக் கட்டடத்தின் நிழல் எவ்வளவு தூரம் விழும்? சென்னையிலும் அதே கணக்கா?
– வாசகர், மயிலாப்பூர்

ஊரின் அட்சரேகையைப் பொறுத்தது. லண்டனில் டிசம்பர் 21 நண்பகலில் சூரியன் அடிவானத்திலிருந்து 15 டிகிரிதான் ஏறும். 200 மீட்டர் கட்டடத்தின் நிழல் 745 மீட்டர் போகும். மார்ச் 21-இல் 250 மீட்டர். ஜூன் 21-இல் 106. சென்னையில் டிசம்பர் நண்பகலிலேயே சூரியன் 53 டிகிரிக்கு மேல். நிழல் 150 மீட்டருக்குள் அடங்கும். ஜூனில் சூரியன் தலைக்குச் சற்று வடக்கே நிற்பதால் நிழல் தெற்கே 37 மீட்டர் விழும். அந்த வெயிலில் அது வரம்.

லண்டன் நிழலின் நீளத்தைப் பார்த்துப் பயப்படுவதைவிட அது எவ்வளவு நேரம் நிற்கிறது என்று கேட்க வேண்டும். டிசம்பர் நண்பகலில் அந்த நிழலின் நுனி நிமிடத்துக்கு 3 மீட்டர் நகரும். கட்டடம் 40 மீட்டர் அகலம் என்றால், 700 மீட்டர் தள்ளி உள்ள பெஞ்சைக் கால் மணிக்குள் கடந்துவிடும். 100 மீட்டர் தள்ளி உள்ள சின்னத் தேவாலயத் தோட்டத்திலோ ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் நிற்கும். மதிய உணவு நேரம் முழுக்கப் போய்விட்டது. ஆகவே ஒல்லியான உயரக் கட்டடத்தைவிட, பாதி உயரத்தில் இரண்டு மடங்கு அகலமாக நிற்பது பக்கத்துத் தெருவுக்குக் கூடுதல் கேடு. பூங்காவுக்கு அங்கே பின்பற்றும் அளவுகோல்: மார்ச் 21 அன்று குறைந்தது பாதிப் பரப்புக்காவது 2 மணி நேர வெயில் கிடைக்க வேண்டும்.

3,000 பேர் வேலைக்கு வரும் கட்டடம் எங்கள் தெருவில் வருகிறது. நடைபாதை தாங்குமா என்று நாமே கணக்குப் போட முடியுமா?
– வாசகர், ஆல்ட்கேட்

ஒரு டேப்பும் கைக்கடிகாரமும் போதும். நடைபாதையின் மிகக் குறுகலான இடத்தை அளங்கள். சுவரோரம் 20 சென்டிமீட்டர், சாலையோரம் 20 சென்டிமீட்டர் கழியுங்கள். ஆள் அங்கே நடக்க மாட்டார். குப்பைத்தொட்டி, சைகைக் கம்பம், சைக்கிள் கம்பி அடைக்கும் அகலத்தையும் கழியுங்கள். 4 மீட்டர் நடைபாதை சுலபமாக 3 ஆகிவிடும். காலை எட்டு முதல் ஒன்பது வரை கடக்கிறவர்களை எண்ணுங்கள். 1,800 பேர் என்றால் நிமிடத்துக்கு 30, மீட்டருக்கு 10. லண்டன் போக்குவரத்துத் துறையின் அளவுகோலில் 9 முதல் 11 வரை வசதியானது, அதுதான் இலக்கு. புதுக் கட்டடத்துக்கு அந்த ஒரு மணி நேரத்தில் உங்கள் பக்கமாக 1,000 பேர் கூடினால் மீட்டருக்கு 15-ஐத் தாண்டும். 18-க்கு மேல் போனால் எதிரும் புதிருமாக நடப்பது கடினமாகும், 27-க்கு மேல் மெதுவாக நடப்பவரை முந்துவதே சிரமம்.

கட்டுபவரின் அறிக்கையில் சராசரி அகலம் இருக்கும். உங்கள் கையில் குறுகலான இடத்தின் அகலம் இருக்கிறது. அதைப் போட்டோவோடு அனுப்புங்கள். தீர்வு பெரும்பாலும் எளிமையானது: தரைத்தள முகப்பை ஒன்றரை மீட்டர் உள்ளே தள்ளிக் கட்டச் சொல்வது. அடித்தளம் தோண்டிய பிறகு அதைக் கேட்க முடியாது.

அத்தனை பேருக்கும் கார் நிறுத்த இடம்?
– வாசகர், திருச்சி

கொடுப்பதில்லை, கொடுக்கவும் கூடாது. ஆற்றின் தென்கரையில் 310 மீட்டர் உயர ‘ஷார்ட்’ கட்டடத்துக்கு 48 கார்கள்தான் நிறுத்த முடியும். அது லண்டன் பிரிட்ஜ் ரயில் நிலையத்தை ஒட்டி நிற்கிறது. தெருவை அடைப்பது சரக்கு வண்டிகளே. பிஷப்ஸ்கேட் 22ஆம் எண் கட்டடத்துக்கு வரும் சரக்கை ஊருக்கு வெளியே ஒரு கிடங்கில் சேர்த்து, நிரம்பிய வண்டிகளாக மட்டும் கொண்டுவருகிறார்கள். பாதி மட்டுமே நிரம்பிய பல வண்டிகள் தனித்தனியே வருவது இதனால் தவிர்க்கப்படுகிறது.

எங்கள் கடைக்குப் பக்கத்து மனையில் ஆழமாகத் தோண்டப் போகிறார்கள். சுவர் விரிசல் விட்டால் யார் பொறுப்பு? திட்டத்தை எதிர்த்து எழுதவும் விரும்புகிறோம்.
– வாசகர், ஒயிட்சேப்பல்

இங்கிலாந்தில் 1996-ஆம் ஆண்டு பொதுச்சுவர்ச் சட்டம் இருக்கிறது. உங்கள் கட்டடத்திலிருந்து 3 மீட்டருக்குள், உங்கள் அஸ்திவாரத்தைவிட ஆழமாகத் தோண்டினால், ஒரு மாதம் முன்பே எழுத்தில் தெரிவிக்க வேண்டும். 6 மீட்டருக்குள் என்றால், உங்கள் அஸ்திவார அடியிலிருந்து 45 டிகிரி சாய்வாகக் கீழே இழுத்த கோட்டைத் தோண்டல் வெட்டினாலும் அப்படியே. நீங்கள் 14 நாளுக்குள் பதில் தராவிட்டால் சம்மதம் என்று ஆகாது, தகராறு என்றே சட்டம் எடுத்துக்கொள்ளும். பிறகு இரு தரப்புக்கும் சர்வேயர் வருவார். செலவைப் பொதுவாகக் கட்டுபவரே ஏற்பார். கடை வாடகைதான் என்றாலும், ஆண்டுக்கு ஆண்டு புதுப்பிப்பதைவிட நீண்ட குத்தகை என்றால் உங்களுக்கும் இந்த உரிமை உண்டு.

தோண்டும் முன் எல்லாச் சுவரையும் ஸ்கேல் வைத்துப் படம் எடுத்து, தேதியோடு சர்வேயரின் அறிக்கையில் சேர்க்கச் செய்யுங்கள். ஒரு மில்லிமீட்டர் வரை உள்ள விரிசல் பூச்சிலேயே மறையும். 5 மில்லிமீட்டரைத் தாண்டினால் கதவு, ஜன்னல் இறுகத் தொடங்கும். அப்போது வேலையை நிறுத்தச் சொல்லிக் கேளுங்கள்.

எதிர்ப்புக் கடிதத்தில் ‘என் ஜன்னலிலிருந்து காட்சி போகிறது’, ‘கடையின் விலை குறையும்’ என்று எழுதினால் எடுபடாது. திட்டச் சட்டத்தில் அவற்றுக்கு இடமில்லை. பகல் வெளிச்சம், காற்று, நடைபாதை நெரிசல், சரக்கு வண்டி, பாதுகாக்கப்பட்ட காட்சி இவற்றுக்கு இடம் உண்டு. உங்கள் ஜன்னல் பார்க்கும் வானத்தின் அளவு 27 சதவீதத்துக்குக் கீழே போவதோடு, இப்போது உள்ளதில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தால், அந்த எண்ணை அவர்களின் அறிக்கையிலிருந்தே எடுத்துப் பக்க எண்ணோடு குறிப்பிடுங்கள். 20 ஆண்டு தடையின்றி வெளிச்சம் பெற்ற ஜன்னலுக்குத் தனியே ஒளியுரிமை உண்டு. அதைத் திட்ட அலுவலகம் விசாரிக்காது, வழக்கறிஞர் மூலம்தான் கேட்க வேண்டும். கருத்துச் சொல்லக் குறைந்தது 21 நாள் தருவார்கள், அறிவிப்புத் தாள் பெரும்பாலும் மனைக்குப் பக்கத்து விளக்குக் கம்பத்தில் கட்டியிருக்கும்.